கட்டையைத் தொடாத குழந்தை

"அது நான்தான்னு சொல்றேன், நீ இன்னாடி சிரிக்கிற?"

"சிரிக்கல ஜாஸ்மின். மூக்கப் பாத்தேன். பட்டைக்குக் கீழ அதே மூக்கு," என்றாள் ஆஃப்ரீன். "வாணியம்பாடி வரைக்கும் தெரியற மூக்காச்சே."

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. துறைத் தலைவர் கிறிஸ்டினா மேடம் திரையை அணைத்துவிட்டுப் போயிருந்தார். மனித மேம்பாட்டுத் துறையில் முதுகலை மாணவர்களுக்கு வருடந்தோறும் காட்டுகிற படம் அது. துறை நடத்தும் நர்சரியிலேயே எடுத்தது. மூன்று வயதுக் குழந்தை குட்டி மேஜையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கண்களின் மேல் கறுப்புப் பட்டை. எதிரே வண்ண மரக்கட்டைகள். எடு, விளையாடு என்று ஓர் ஆண் குரல் கெஞ்சுகிறது. குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டைகளையே பார்க்கிறது. பிறகு அதே குரல் ஆங்கிலத்தில் விளக்குகிறது. குழந்தைக்கு ஆர்வமே இல்லை. கூலிக் குடும்பம். பேச்சில்லாத, விளையாட்டில்லாத வீடு. குழந்தைக்கு எதையும் தராத வீடு.

கவுனை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சித்தி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஷூவுக்கு உள்ளே வைக்கிற துணியின் வெட்டு மிச்சத்தில் எனக்கு அதைத் தைத்துத் தந்தாள். அந்தத் தவிட்டு நிறத்தில் உலகத்தில் வேறு எந்தக் குழந்தைக்கும் கவுன் இருந்திருக்காது. படத்தின் ஓரத்தில் ஒரு துடைப்பம் வந்து வந்து போகிறது. அதைப் பிடித்த கையும் எனக்குத் தெரியும். அந்த நர்சரியைக் கூட்டிப் பெருக்கியது அம்மாதான்.

வீட்டுக்குப் போய், விளக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், படம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அம்மாவின் முகம் பளிச்சென்று ஆனது.

"நெனப்பு இல்லாம? தமிழ்வேந்தன்னு ஒரு சாரு, அங்க படிச்சிக்கினு இருந்தாரு. அந்தக் கட்டையெல்லாம் புரொபசருங்க புள்ளைங்க வெளையாடறது. ஒண்ணு காணாப் போனாலும் எம்மேலதான் வரும். கைய வச்ச, தோல உரிச்சி தோல் கம்பெனி தொட்டில ஊறப் போட்ருவேன்னு உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அந்த சாரு எவ்ளோ கெஞ்சியும் நீ தொடலியே! அப்பிடி ஒரு சமத்து. அதுக்குத்தான் உன்னப் படம் புடிச்சாரு."

இத்தனை வருடமாக அம்மா அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, கண்ணாலேயே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தது என்று தோன்றியது. நீலக் கட்டையில் ஏலகிரி, சிவப்பில் ரயில், தண்ணீர் நிறைய ஓடுகிற ஒரு பாலாறு, அதன் மேல் மஞ்சள் பாலம். எல்லாம் அந்தக் கண்ணில் இருந்திருக்கும். அதன் மேல்தான் பட்டை ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் கிறிஸ்டினா மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இது எவ்ளோ அழகான கதை தெரியுமா? அந்தக் குழந்தை இன்னைக்கு நம்ம துறையிலயே படிக்குது! பழைய மாணவர் சந்திப்புக்கு தமிழ்வேந்தன் வர்றார். பெங்களூர்ல பெரிய நிறுவனம் நடத்துறார். படத்தப் போட்டு முடிச்சதும் உன்ன மேடை ஏத்துறோம். அன்னைக்கு அப்படி, இன்னைக்கு இப்படி."

"படத்தப் போடாதீங்க மேடம். அதுல சொல்றது பொய்."

"பொய்யா? அவருக்கு டாக்டர் பட்டம் குடுத்த ஆய்வும்மா அது."

"நான் ஏன் தொடலன்னு எங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நாலடி தள்ளித்தான் கூட்டிக்கிட்டு இருந்தாங்க."

"ஜாஸ்மின், முகத்த மறைச்சிருக்கோம். யாருன்னு யாருக்கும் தெரியாது."

"அப்புறம் மேடையில என்னை ஏத்தி நீங்களே காட்டுவீங்க?"

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "வர விருப்பமில்லன்னா வராத. படம் போடத்தான் போறோம்."

வெளியே நின்றிருந்த ஆஃப்ரீனிடம் வந்து கொட்டித் தீர்த்தேன். பேச்சில்லாத வீடாம்! எங்கள் வீட்டில் அம்மா வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. குழம்பு கொதிக்கும்போது குழம்போடுகூடப் பேசுவாள்.

"பேஜாரு புடிச்சவங்கடி," என்றாள் ஆஃப்ரீன். "அம்மாக்குத் தெரியாம பாத்துக்க, போதும்."

அதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து கிறிஸ்டினா மேடம் நேராக அம்மாவுக்கே போன் செய்துவிட்டார். சந்திப்பில் பழைய ஊழியர்களுக்குப் பொன்னாடை, அப்படியே உங்கள் மகளின் படமும் பார்க்கலாம் என்று. அம்மா கிறிஸ்துமஸ் புடவையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அவளுடைய சமத்துக் குழந்தை போய்விடும். புடவையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

அரங்கத்தில் எனக்கும் ஆஃப்ரீனுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். "ஆரோக்கியமேரி" என்று மைக்கில் கூப்பிட்டதும் போய்ப் பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்து, அதைக் கழற்றாமலே படம் பார்த்தாள்.

"ஐயே, என் தொடப்பம்!" என்று என் தொடையில் தட்டினாள். "கண்ணுல இன்னாத்துக்குடி கறுப்பு ஒட்டிக்கிறாங்க? திஷ்டிக்கா?"

ஆங்கில விளக்கம் ஓடியபோது மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய கைதட்டல்தான் கடைசியில் நின்றது. தமிழ்வேந்தன் மேடையில் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டு, மறுபடி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் குழந்தைக்கு நாம்தான் வீடு என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

"சார், ஒரு கேள்வி."

"கேள்வியெல்லாம் கடைசில," என்றார் கிறிஸ்டினா மேடம்.

"பரவால்ல மேடம், கேக்கட்டும்," என்று தமிழ்வேந்தன் புன்னகைத்தார். வரிசையில் கை மாறி மாறி மைக் என்னிடம் வந்தது. முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கேட்பது என்று பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். ரகசியமாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பாள். மைக் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அரங்கம் முழுக்க அவள் குரல் கேட்டது.

"ஏ ஜாஸ்மினு, எல்லாரும் கைதட்றாங்களே, எனக்குத்தான் இங்கிலீஷ் புரியல. அந்த சாரு நம்ம வூட்டப் பத்தி இன்னா சொன்னாருன்னு தமிழ்ல சொல்லும்மா."