இரண்டு புள்ளி

தென்காசியில் ஐந்து வருஷம் சண்முகசுந்தரிதான் வார்டு கவுன்சிலர். ஆனால் ஊர் அவளைக் ‘கவுன்சிலர் வீட்டம்மா’ என்றே கூப்பிட்டது. கவுன்சிலர் என்றால் அது அவள் புருஷன் கணேசமூர்த்தி. நகராட்சி ஆபீசில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. கூட்டத்துக்குப் போவதும் அவர்தான், அவள் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு அடியில் இரண்டு புள்ளி குத்துவதும் அவர்தான். ஒரே ஒரு தடவை அவளே போட்ட கையெழுத்தை, பொருந்தவில்லை என்று கிளார்க் நாறும்பூநாதன் ஒதுக்கிவிட்டார். கணேசமூர்த்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

போன சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத்தலையோடு நாற்காலியில் சாய்ந்த கணேசமூர்த்தி எழுந்திருக்கவே இல்லை. அனுதாபமோ, வேறு ஆள் கிடைக்காததோ, கட்சி அவளை ராஜ்யசபாவுக்கு அனுப்பியது. பதவியேற்ற அன்று டெல்லியில், பதிவேட்டில் தன் கையால், புள்ளி வைக்காமல் பெயரை எழுதினாள். அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

குற்றாலத்து அருவிக்கு மேலே சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி சிபாரிசுக் கடிதம் கேட்டது. கணேசமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தாராம். முடியாது என்று சொல்லி, டைப் அடித்து வந்த தாளைக் கிழித்துப் போட்டாள். மறு வாரம் அதே கடிதம் அமைச்சகத்தில் இருந்தது. லெட்டர்பேடு அவளுடையது. கையெழுத்துக்கு அடியில் இரண்டு புள்ளி. தாளின் ஓரம் நனைந்திருந்தது.

உதவியாளர் மணிகண்டபிரபுவைப் பிடித்து விசாரித்தாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

“நீங்கதானம்மா போட்டிய. நான் பக்கத்துலதான் நின்னேன். தலையில தண்ணி சொட்டுது, தொவட்டுங்கன்னுகூடச் சொன்னேனே.”

அன்றைக்கு அவள் தலைக்கே குளிக்கவில்லை.

கையெழுத்து போலி என்று காட்டினால்தான் விடுதி நிற்கும். அவள் பெயரும் அவளுடையதாக இருக்கும். டெல்லிப் பதிவேட்டில் இருப்பது புதுசு, பழைய காகிதம் எல்லாவற்றிலும் இரண்டு புள்ளிதானே இருக்கிறது என்று அமைச்சகத்தில் கேட்டார்கள். நாறும்பூநாதன் ஒதுக்கிய அந்தப் பழைய தாள் ஒன்றுதான் சாட்சி. சாரல் விழுந்த ஒரு காலையில் தென்காசிக்கு வந்து அவர் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அவர் கட்டைப் பிரித்துத் தேடினார். தாள் இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நீங்க போட்டதுதான்னு நான் எழுதிக் குடுக்கணும்லா. இங்கன ஒண்ணு போடுங்கம்மா, ஒத்துப் பாத்துக்கிடுதேன்,” என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

தன் பெயரைத் தன் இஷ்டத்துக்கு எழுதினாள். எழுதி முடித்தும் கை நிற்கவில்லை. அடியில் இறங்கி ஒரு புள்ளி குத்தியது. பக்கத்தில் இன்னொன்றும் குத்தியது. தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவள் குடை பிடித்துத்தான் வந்திருந்தாள்.

நாறும்பூநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பழையதைக் கட்டுக்குள் தள்ளினார்.

“அது வேற யாரோ போட்டது,” என்றார் நிமிராமலே. “இதுதான் சரியா இருக்கு, அண்ணாச்சி.”