வளைந்த கழுத்து

காலையிலிருந்து பேசிப் பேசி என் தொண்டை கட்டியிருந்தது. வக்கீலுக்குத் தொண்டை கட்டினால் கடையை மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனும் தங்கையும் வந்து இரண்டு புட்டிகளை என் மேசைமேல் வைத்தார்கள். இரண்டிலும் தையல் மெஷின் எண்ணெய். இரண்டுக்கும் கழுத்து ஒரே மாதிரி பக்கவாட்டில் வளைந்திருந்தது.

"எது எங்களோடது, சொல்லுங்க மேடம் பாப்போம்," என்றார் அண்ணன்.

"லேபிள்லயே போட்டிருக்கே."

"லேபிளை விடுங்க. கழுத்தைப் பாருங்க. அப்படியே காப்பி அடிச்சிருக்கான்."

கம்பெனியில் விற்பனையும் விளம்பரமும் அவர் பொறுப்பு. அந்தக் கழுத்தை வடிவமைத்தவர் தங்கை. போட்டிக் கம்பெனியோ பெரியது; அதன் புட்டிக்கு விலையும் குறைவு.

பெயரைப் போலவே வடிவத்தையும் டிரேட்மார்க்காகக் கேட்கலாம். பார்த்ததுமே 'இது இன்னார் சரக்கு' என்று வாங்குகிறவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். அப்படித் தோன்றும் அளவுக்குப் பல காலம் அது புழக்கத்தில் இருந்ததை நாம் காட்ட வேண்டும். அதனால்தான் பழைய விளம்பரங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அண்ணன் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். தகர போர்டு, காலண்டர், கடையில் தொங்கவிடும் அட்டை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'வளைந்த கழுத்து! துணியில் சிந்தாது!'

"நானே எழுதினது," என்றார் அண்ணன்.

படிக்கப் படிக்க எனக்கு அசதி கூடியது. தங்கையிடம் கேட்டேன், "இது ஏன் வளைஞ்சிருக்கு?"

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேர் கழுத்தா இருந்தா புட்டியைத் தலைகீழா கவுக்கணும். மெஷினுக்கு அடியில அதுக்கு இடம் ஏது? கவுத்தா மொத்தமா ஊத்தும், துணி போச்சு. இது படுத்த வாக்குலயே உள்ள போகும். லேசா அமுக்குங்க, ஒரு சொட்டு. கையை விட்டதும் மூக்குல நிக்கிற எண்ணெயைத் திரும்ப உள்ள இழுத்துக்கும்."

அமுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நடந்தது. இப்படி ஒன்று வேலை செய்வதைப் பார்த்தால் எனக்கு எந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்துவிடும்.

"அருமை. ஆனா சிக்கலும் அதுதான்," என்றேன்.

டிரேட்மார்க் ஆளை அடையாளம் காட்டுவதற்கு. புதுப்பித்துக்கொண்டே போனால் அதற்குச் சாவே கிடையாது. உபயோகமான ஒரு வடிவத்தை அதற்குள் பூட்டிவிட்டால், சிந்தாத புட்டியை வேறு யாரும் என்றைக்குமே செய்ய முடியாது. சட்டம் அதற்கு இடம் தராது. உபயோகத்தைக் காப்பது பேட்டன்ட். அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அதையும் சரக்கு கடைக்கு வருமுன்பே கேட்டிருக்க வேண்டும் என்று அவர்களிடம் விளக்கினேன்.

"அப்ப இந்தப் பெட்டியைக் காட்ட வேணாம்," என்றார் அண்ணன்.

"காட்டலைன்னா பல காலமா வித்ததுக்கு ஆதாரம் இல்ல. காட்டினா, கழுத்து எதுக்குன்னு நீங்களே போர்டு போட்டுச் சொன்னதுக்கு ஆதாரம்."

"தவளை தன் வாயாலதான் கெட்டுச்சாம்," என்றார் தங்கை.

"சும்மா இரு பாப்பா! மேடம், இவளே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வெறும் அழகுக்காக வளைச்சேன்னு. செஞ்சவளே சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"அழகா? கொக்குக் கழுத்து மாதிரி இருக்குன்னு அன்னிலேர்ந்து திட்டிட்டு இருக்கறது யாராம்?"

"இப்ப அழகாத்தான் தெரியுது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காதண்ணா. தையல் கடைக்குத் தையல் கடை உன் போர்டு தொங்குது."

அண்ணனின் குரல் இறங்கியது. "இது போச்சுன்னா ஆளாளுக்கு இதே புட்டியைப் போடுவான். நம்ம சரக்கை எவன் தேடி வருவான்? கம்பெனியில இருக்கற இவ்வளவு பேருக்கு நான் எங்க வேலை குடுப்பேன்? ஒரு வரிதானே பாப்பா."

தங்கை தங்கள் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான். இது எதுக்கும் உதவாதுன்னு என் கையாலயே எழுதச் சொல்றியே. என்னால முடியாதுண்ணா."

அண்ணன் என்னைப் பார்த்தார். முடியாது என்று நான் தலையை ஆட்டினேன். "பொய்னு தெரிஞ்சும் நான் தாக்கல் பண்ண முடியாது சார். உங்க பேரும் லேபிளும் உங்களோடதுதான். அதுல அவன் கை வெச்சா விடமாட்டேன். ஆனா கழுத்து பொது."

தங்கை எதிராளியின் புட்டியை எடுத்து ஒரு காகிதத்தின் மேல் அமுக்கினார். ஒரு சொட்டு விழுந்தது. கையைத் தளர்த்தியதும் மீதி உள்ளே போனது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கான்."

"ஆமா, நீ சர்டிபிகேட் வேற குடு."

அண்ணன் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். போர்டைக் கையில் எடுத்ததும் நின்றார்.

"இதையெல்லாம் கழட்டிடணுமா மேடம்?"

"எதுக்கு? உண்மையைத்தானே சொல்லுது."

"அதுதான். இனிமே அவன் புட்டியையும் சேத்து இது வித்துக் குடுக்கும்."

"விக்கட்டும்ணா," என்றபடி தங்கை பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். "பசிக்குது, வா."