வெள்ளைக் கோட்டுச் செங்கல்

மச்சானுக்கு அவன் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. அவரிடம் கடனுக்கு வாங்கிய ஒரு பழைய கேமரா லென்ஸின் விலை அது. மச்சான் அவன் பெண்டாட்டியின் அண்ணன், ஸ்டுடியோ வைத்திருப்பவர். வாரம் முழுக்கக் கிடங்கில் மூட்டை சுமக்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் படம் எடுத்துக் கொடுத்துக் கடனைக் கழிப்பதாகப் பேச்சு; இன்னும் ஒன்றும் கழிந்தபாடில்லை.

அந்த லென்ஸ் தானாக எதையும் தெளிவாக்காது. வளையத்தைக் கையால் திருக வேண்டும். நிற்பதைப் பிடிப்பது ஒன்றும் பெரிதில்லை. ஓடுவதைப் பிடிப்பதுதான், தோளிலிருந்து நழுவுகிற மூட்டையை ஒற்றைக் கையில் தாங்குகிற பாடு.

அவன் அதைப் பழகியது மகளை வைத்துத்தான். விடியற்காலையில் அவள் சைக்கிள் பந்தயத்துக்காகப் பெரிய சாலையில் மிதிப்பாள். அவன் ஓரமாக நின்று, அவள் நெருங்க நெருங்க வளையத்தைத் திருகி, அவள் முகம் கலங்காமல் பார்த்துக்கொள்வான். முதலில் எடுத்த படமெல்லாம் புகைமூட்டம்.

"அப்பா, இது நானா, பேயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்பான். அடி விழும்.

போகப் போக அவள் வேகம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. கண் நினைப்பதற்குள் விரல் திருகிவிடும்.

அப்புறம் ஆலைக்காரர்கள் பந்தயம் வைத்தார்கள். முதலில் வருகிற பெண்ணுக்கு ஆலையின் அணியில் இடம், மாதச் சம்பளம். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் பல பேச்சு பேசியாகிவிட்டது. படம் எடுக்கிற வேலை மச்சானுக்கு. மேடையில் பெரிய மனிதர்களை அவர் எடுத்துக்கொண்டு, பந்தயம் முடிகிற கோட்டில் இவனை நிறுத்தினார்.

"மாப்ள, அவ உன் பொண்ணுன்னு மூச்சு விட்டுடாத. ரெண்டு பேர் ஒண்ணா வந்தா உன் படத்தைப் பாத்துத்தான் தீர்ப்பு சொல்வாங்க."

"சரி மச்சான்."

"என்ன சரி? வண்டி பின்னாடி லென்ஸைத் திருப்பிக்கிட்டே போகாத. கோட்டு மேல ஒரு செங்கல்லை வை. அது தெளிவாத் தெரியுற வரைக்கும் வளையத்தைத் திருகு. டேப் ஒட்டி இறுக்கு. அப்புறம் தொடாத. கேமராவைத் தாழ்த்திப் பிடி. முகம் வேணாம், சக்கரம் போதும். சக்கரம் கோட்டைத் தொடப் போகுதுன்னு தெரிஞ்சதும் அழுத்து. தொட்டப்புறம் அழுத்துனா பின் சக்கரம்தான் கிடைக்கும்."

"நானே மூட்டை தூக்குறவன். இவ்வளவையும் தலையில ஏத்துனா எப்படி?"

"உன் தலையில இடத்துக்கா பஞ்சம்? காலியாத்தானே கிடக்கு."

அவன் சொன்னபடியே செய்தான். சாலை நடுவில், வெள்ளைக் கோட்டில் செங்கல்லை வைத்தான். ஓரமாக வந்து நின்று, அதன் சொரசொரப்பு தெரியும்வரை வளையத்தைத் திருகினான். கறுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றினான். செங்கல்லை எடுத்துவிட்டு, ஓரத்தில் அதே இடத்துக்கு வந்து நின்றான்.

வளைவில் இரண்டு சைக்கிள்கள் தலை காட்டின. ஒன்றில் பச்சைச் சட்டைக்காரி, ஒன்றில் மகள். கூட்டம் கத்தியது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஹேண்டில் மேல் கவிழ்ந்து வந்தாள். கேமரா எப்போது அவள் பக்கம் திரும்பியதென்று அவனுக்குத் தெரியாது. கட்டைவிரல் டேப்பை நெம்பித் தள்ளிவிட்டது. விடியற்காலைகளில் திருகியது போலவே விரல் திருகியது. அவள் நெருங்க நெருங்க முகம் கலங்கவே இல்லை. அழுத்தினான்.

கோட்டில் நின்ற நடுவர்கள் இரண்டு பேர். கொடி வைத்திருந்தவர் பச்சைச் சட்டை என்றார். மற்றவர் இல்லை என்றார். இருவரும் அவனிடம் வந்து, கேமராவின் பின்பக்கத் திரையில் குனிந்தார்கள்.

மகளின் முகம் திரையை நிறைத்திருந்தது. மூக்கு நுனியில் தொங்கிய வியர்வைச் சொட்டுகூடத் தெளிவு. அவன் ஆயுசில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை.

"படமெல்லாம் ஜோராத்தான் இருக்கு" என்றார் கொடிக்காரர். "சக்கரம் எங்கய்யா? கோடு எங்க? இன்னொரு பொண்ணு எங்க?"

அவன் பார்வை தரையிலிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் போனது.

"யாரு இது, உனக்கு வேண்டப்பட்டவளா?"

அவன் திரையை அணைத்தான். மற்ற நடுவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒதுங்கினார். கொடிக்காரர் சொன்னதே தீர்ப்பாயிற்று. பச்சைச் சட்டைக்காரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவளைப் படம் எடுத்ததும் மச்சான்தான்.

மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நான் முந்துனேனா, இல்லையாப்பா? நீ நேரா பாத்துட்டு நின்னேல்ல, அதை மட்டும் சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. கோட்டைப் பார்க்கவென்றே நிறுத்தப்பட்டவன், கோட்டைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "உன்னையத்தான் பாத்தேன் பாப்பா" என்றான்.

"எல்லாரும் கோட்டைப் பாத்தாங்க. நீ என்னைப் பாத்தியா?" அவள் சிரிக்க முயன்றாள். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

மேடையிலிருந்து மச்சான் வந்தார். திட்டுவார் என்று இவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை. கேமராவை வாங்கி, லென்ஸைக் கழற்றி, மூடி போட்டுத் தன் பையில் வைத்தார். வெறும் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே ஆலைக்காரன் என்னைக் கூப்பிட மாட்டான். நானும் உன்னைக் கூப்பிட மாட்டேன். லென்ஸ் என்கிட்ட வந்துடுச்சு. நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது நேராயிடுச்சு மாப்ள. நீ எனக்குத் தர வேண்டியது ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு இல்ல மாமா" என்றாள் மகள். அவர் முகத்தையும் பார்க்கவில்லை, அப்பன் முகத்தையும் பார்க்கவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

கட்டைவிரலில் டேப் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மூட்டை தூக்கும்போதுதான் அது உரிந்தது.