டாக்டரம்மாவிடம் இருந்த ஏக்கம்

மன வைத்தியம் பார்க்கும் டாக்டர் பங்கஜவல்லி மாத்திரை எழுதித் தருகிறவர் அல்ல. கட்டிலில் படுக்கவைத்து, சொல்வதையெல்லாம் கேட்டு, நோயாளியால் சுமக்க முடியாததைத் தாமே வாங்கி வைத்துக்கொள்வார். இறந்துபோன மனைவி ரோஸ்லின்மேல் இருந்த ஏக்கத்தைத் தேவசகாயம் அவரிடம் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணியானால் டாக்டர் ரோஸ்லினை நினைத்து ஏங்குவார். தேவசகாயம் அந்த நேரத்தில் வடை தின்பார்.

போன வாரம் தேவசகாயத்துக்கு வீட்டு அலமாரி இடுக்கில் ஒரு சீப்பு அகப்பட்டது. பற்களில் நீள முடி இரண்டு. யாருடையது என்று தெரிந்தது, மனசில் வேறொன்றும் ஆகவில்லை. சீப்பைத் துடைத்துத் தன் தலையை வாரிக்கொண்டார். வாசல் வரை போனவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏக்கத்தைத் திரும்ப வாங்கிவர டாக்டரைத் தேடிப் பஸ் ஏறிவிட்டார்.

டாக்டருக்குத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. ரோஸ்லின் மீன் அலசும்போது முணுமுணுக்கும் பாட்டுகூடத் தனக்குப் பாடமாகிவிட்டது என்றார். அப்படி ஒரு பாட்டு இருந்ததே தேவசகாயத்துக்கு மறந்துபோயிருந்தது.

“ஏக்கத்தை மட்டும் தனியாத் தர முடியாது சார். நெஞ்சு வலிக்குதுன்னு அவங்க சொன்னப்போ, காலைல பாத்துக்கலாம்னு சொன்னீங்களே, அதுவும் ஒட்டிக்கிட்டு வரும்.”

“சொன்னது நான்தானே டாக்டரம்மா.”

“ஏழு வருஷமா அதுக்கு மன்னிப்புக் கேட்டது நான்.”

“அதான் கேக்கேன். குடுத்திருங்க.”

டாக்டர் உள்ளே போய் ஒயர் கூடையில் வைத்து எடுத்துவந்தார். வெயில் படாமல் மேலே துண்டு போட்டிருந்தார். படியிறங்கும்வரை கூடையின் ஒரு பிடியை அவர் விடவில்லை. இனி நாலு மணிக்குத் தான் என்ன செய்வது என்று கேட்டார். வடை நன்றாயிருக்கும் என்றார் தேவசகாயம்.

பஸ்ஸில் கூடை மடியில் கனத்தது. இரண்டாவது நிறுத்தத்தில் அழுகை வந்தது. கண்டக்டர் டிக்கெட்டை அவர் சட்டைப் பையில் தாமே செருகிவிட்டு நகர்ந்தார்.

வீட்டைத் திறந்தபோது அடுப்படியில் வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது.

“டாக்டரம்மா என் சார்பா மன்னிப்புக் கேட்டிருப்பாங்களே,” என்றார், கூடையை இறக்காமல்.

“அவங்களை அப்பவே மன்னிச்சாச்சு,” என்றாள் ரோஸ்லின் உள்ளேயிருந்து. “நீங்க இன்னும் கேக்கலையே.”

தேவசகாயம் கூடையை இறக்கிவைத்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். வெங்காயச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றாள் ரோஸ்லின்.