நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய கார்

அழகுபாண்டியின் கார் தரையைத் தொடாமல் ஓடத் தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருடம் ஆவணி இருபதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, நாகமலைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்புக்கு முன்னால். அன்று பரவை மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபத்தாறு, சின்ன வெங்காயம் நாற்பத்தெட்டு. டயருக்கும் சாலைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது என்று கையை விட்டுப் பார்த்துச் சொன்னவர்கள் பின்னால் பலர் உண்டு. ஆனால் அந்த நிமிடத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்த அழகுபாண்டி உட்பட. அவன் மைலேஜ் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழக்குயில்குடிக்காரனான அழகுபாண்டிக்குத் திருமங்கலத்தில் போர்வெல் மோட்டார் விற்கும் கடை. வயது ஐம்பத்தொன்று. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் காரை அந்த வருடம் சித்திரையில் வாங்கினான். இருபது லட்சம் கொடுத்து வாங்கிய காரில் அவன் சொட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடித்ததைப் பார்த்து, யானையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறான் என்றார்கள் ஊரில். அது அவ்வளவு நியாயமான பேச்சு இல்லை. அழகுபாண்டி கஞ்சன் கிடையாது, கோயில் கொடைக்கு முதல் ஆளாகக் கொடுப்பவன். அவனைப் பிடித்தது காசு இல்லை, வித்தை. காரை விற்ற தமிழ்மாறன் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தான். “பிரேக்க கடைசிக்கு வச்சுக்கங்கண்ணே. செவப்பு லைட்டு தூரத்துல தெரியறப்பவே கால எடுத்துருங்க. வண்டி தானா உருளும். உருள உருள பேட்டரி ஏறும். கெளம்பறப்ப மட்டும் பதறாம மிதிங்க, என்ஜின் எந்திரிக்கவே கூடாது.” தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கதவைத் திறக்கிற மாதிரி என்று அழகுபாண்டி புரிந்துகொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினால் பெருவிரலுக்கே விஷயம் தெரிகிறது என்பதை அவனாகக் கண்டுபிடித்தான். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டரைத் தொட்டவர்களின் படத்தை ஷோரூம் வாசலில் மாட்டுவார்கள் என்று தமிழ்மாறன் போகிற போக்கில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

பாண்டி கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்றே ஒரு கோணல் நடந்தது. பூசாரி நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, எடுங்க என்றார். அழகுபாண்டி படித்த பாடத்தை மறக்காமல் அவ்வளவு பதமாக எடுத்தான். கார் பழங்களின் மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது. பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. பூசாரி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்து, “நல்லா மிதிச்சு எடுங்கண்ணே, சாமி காரியம்” என்றார். அழகுபாண்டிக்கு மிதிக்க மனசு வரவில்லை. இரண்டாம் முறையும் பழம் முழுசாக இருந்தது. அவன் மனைவி முனீஸ்வரி மட்டும் முகம் சுருங்கி, வீட்டுக்கு வந்து அந்தப் பழங்களை ஊறுகாய் போட்டுவிட்டாள்.

அடுத்த பாடம் கனம். காரில் வீண் கனம் இருந்தால் மைலேஜ் குறையும். அழகுபாண்டி முதலில் டிக்கியைக் காலி செய்தான். பிறகு ஸ்டெப்னி போயிற்று, ஜாக்கி போயிற்று, கால்மிதி, குடை, தண்ணீர்க் கேன், டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. பிள்ளையாருக்கு முனீஸ்வரி பூஜை அலமாரியில் இடம் ஒதுக்கினாள். ஆவணி பிறந்தபோது திரை இருபத்தொன்பது புள்ளி ஒன்பதைக் காட்டியது. அழகுபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவணி இருபது முனீஸ்வரியின் தம்பி தவசிக்குப் பரவையில் புதுவீடு பால் காய்ச்சு. ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். அக்காள் சீர் வந்து இறங்கிய பிறகுதான் பால் பொங்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை. முனீஸ்வரி சும்மா போவாளா? பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு சிப்பம் அரிசி, வாழைத்தார், மண்டை வெல்லம் என்று ஏற்றினாள். கார் கிளம்பியபோது முப்பது காட்டியது. வாழ்க்கையில் முதல் தடவை. அழகுபாண்டி போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் இருபத்தொன்பது எட்டு ஆனது. நாகமலைப் புதுக்கோட்டை வருவதற்குள் இருபத்தொன்பது ஆறு. அப்போது அவன் செய்த காரியத்தை அந்தப் பக்கத்து ஆம்பளைகள் யாரும் செய்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் ஓரங்கட்டினான்.

“முனீசு, நீயும் அண்டாவும் பஸ்ல வந்துருங்க. நான் முன்னாடி போயி நிக்கிறேன்.”

முனீஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டா, வினையா என்று அவளுக்கு விளங்கவில்லை. “சீரு பஸ்லயா வரும்?” என்று மட்டும் கேட்டாள். அவன் திரையைப் பார்த்தபடி, “காமணி நேரந்தான” என்றான். அவள் இறங்கினாள். அண்டாவை இறக்கினாள். அரிசிச் சிப்பத்தை இறக்க ஒரு ஆட்டோக்காரர் கை கொடுத்தார். கதவை அவள் அறைந்துகூடச் சாத்தவில்லை.

அப்போதுதான் கார் எழும்பியது. திரை முப்பத்தைந்து காட்டியது, அறுபது காட்டியது, தொண்ணூற்றொன்பதுக்குப் போய், அதற்கு மேல் எண் இல்லாததால் இரண்டு கோடுகளை மட்டும் காட்டி நின்றுவிட்டது. அழகுபாண்டி ஆனந்தத்தில் நாலுவழிச்சாலையில் மிதந்தான். மிதந்தான் என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பரவை வந்ததும் பாடப்படி அரை கிலோமீட்டர் முன்னாலேயே காலை எடுத்தான். வேகம் கொஞ்சம் தணிந்து, ஆள் நடக்கிற அளவுக்கு வந்து, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது. கார் நிற்கவில்லை. தரையில் உரசினால்தானே நிற்கும். பந்தலுக்குக் கீழே தவசியும் சொந்தபந்தமும் சீரை எதிர்பார்த்துச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்கள். அவர்கள் முன்னால் அழகுபாண்டி, மனைவி இல்லாமல், சீர் இல்லாமல், ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டு, சாமி ஊர்வலம் போகிற வேகத்தில் வீட்டைக் கடந்து போனான். ஒன்பதே காலுக்கு, ஆரப்பாளையத்தில் பஸ் மாறி, அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்து, முனீஸ்வரி வந்து சேர்ந்தாள். பால் பொங்கி ஆறியிருந்தது. அவள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அழகுபாண்டியின் கார் அன்று சுற்றி வளைத்துக் கடைசியில் கீழக்குயில்குடிக்கே வந்து, சமணர் மலை அடிவாரத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றது. அவன் அதை ஒரு வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டினான். தமிழ்மாறன் இரண்டு மெக்கானிக்குகளோடு வந்து, குனிந்து, டயருக்கு அடியில் கையை விட்டு எடுத்து, விரலை முகர்ந்தும் பார்த்தான். “டயர் தேஞ்சா மாத்தித் தரலாம்ணே. இது தேயவே இல்லியே” என்றான். படம் மாட்டுவது பற்றி அழகுபாண்டி ஆசையை விடாமல் கேட்டதற்கு, எண் இல்லாமல் கோட்டை எப்படி மாட்டுவது என்று திருப்பிக் கேட்டான். எதை உந்தி அந்தக் கார் முன்னால் போகிறது என்பதும் யாருக்கும் தெரியவில்லை. கடையில் மூட்டை தூக்கும் கருப்பு எட்டு மூட்டை சிமெண்டை ஏற்றிப் பார்த்தார். கார் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இப்படியும் ஒரு வண்டி உண்டா என்று அழகுபாண்டி குழம்பினான். கேட்டது கிடைத்த பிறகு குழம்புகிறவன் தன்னைத் தவிர வேறு எவனும் இருக்க மாட்டான் என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பரவைக்குப் போனான். முனீஸ்வரி காம்பவுண்டு கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். பின்னால் தவசி. அழகுபாண்டி, கார் நிற்காமல் போனதற்குக் காரணத்தை, உரசலில் தொடங்கி, பேட்டரி ஏறுகிற விதம் வரைக்கும் விவரமாகச் சொன்னான்.

“இதெல்லாம் எதுக்கு மச்சான் எங்ககிட்ட?” என்றான் தவசி.

முனீஸ்வரி ஒரே வார்த்தையில் முடித்தாள். “எதுல இருந்து எறக்கி விட்டீகளோ, அதுல வந்து நிறுத்தி ஏத்துங்க. வாரேன்.”

நியாயமான நிபந்தனைதான். நிறுத்துவதுதான் முடியவில்லை. திருமங்கலத்தில் கருப்பு தினமும் சாலையில் தயாராக நின்று, வருகிற காரின் முன்பக்கத்தைக் கட்டிப்பிடித்து, பத்தடி இழுபட்டுக் கடை வாசலில் நிறுத்துவார். அவரையே ஒருநாள் பரவைக்கு அனுப்பினான். கருப்பும் மார்க்கெட் ஆட்கள் இரண்டு பேரும் கயிறு போட்டுப் பிடித்து, கேட்டுக்கு நேராகக் காரை நிறுத்திவிட்டார்கள். முனீஸ்வரி வெளியே வந்து, கயிற்றைப் பார்த்து, வியர்த்து நின்ற மூன்று பேரையும் பார்த்தாள். “ஆளு வச்சுப் புடிச்சு நிறுத்துற வண்டியில நான் ஏறல. இவுக நிறுத்தட்டும்.” கருப்புக்கு மட்டும் மோர் கொடுத்து அனுப்பினாள்.

அதன் பிறகு அழகுபாண்டி தினமும் காலையில் தனியாகப் பரவை வழியாகப் போனான். நிற்க முடியாது என்று தெரிந்தும் போனான். போகிற இருபது விநாடியில் ஜன்னல் வழியாக ஏதாவது சொல்வான். பிரேக் பட்டை மாற்றியாச்சு என்பான். இன்றைக்குக் காத்து எதிர்க்காத்து, நின்றாலும் நிற்கும் என்பான். மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுவருகிறவர்கள் அந்தக் காரை வைத்து மணி பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பெட்ரோல் முள் அசையவே இல்லை. ஆனால் வீட்டில் இருட்டாக இருந்தது, எல்லா லைட்டையும் போட்டாலும். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் சத்யப்ரியா போனில், “அம்மாவ அண்டாவோட எறக்கி விட்டீங்களாப்பா?” என்று கேட்டபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். அந்த நிமிடத்தில் அவள் கனமாகத் தெரிந்தாள், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் தெரியாத கனம்.

ஐப்பசி ஐந்தாம் தேதி காலை, ராத்திரி பெய்த மழையில் சாலை நனைந்திருந்தது. கார் வழக்கம்போல நடக்கிற வேகத்தில் தவசி வீட்டு முன்னால் வந்தது. முனீஸ்வரி வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அழகுபாண்டிக்குச் சொல்வதற்குப் புதிதாக ஒரு காரணமும் மிச்சமில்லை.

“எறக்கி விட்டது தப்பு முனீசு” என்றான்.

கார் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவன் கழுத்தைத் திருப்பி, “நம்பருக்காகத்தான் எறக்கி விட்டேன். வேற ஒண்ணுமில்ல. அசிங்கமா இருக்கு” என்றான். முனீஸ்வரி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு காருக்கு இடது பக்கமாக வந்து, கூடவே நடந்தாள். இடது பக்க ஜன்னல் திறந்திருந்தது. தவசி கேட்டுக்குள் இருந்து “அக்கா” என்றான். அவள் திரும்பவில்லை.

“நான் ஏறுனதுல எம்புட்டு கொறஞ்சுச்சு?” என்று கேட்டாள்.

“புள்ளி நாலு.”

“அண்டாவோட சேத்தா?”

“அண்டா, அரிசி, வாழத்தாரு எல்லாம் சேத்து.”

அவள் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டவளாகக் கொஞ்ச தூரம் நடந்தாள். பெட்ரோல் பங்க் கடந்தது. கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிய டிவிஎஸ் ஒன்று அவர்களை விட்டு ஒதுங்கிப் போனது. “அன்னைக்கு அந்த அண்டாவத் தூக்கிட்டு ஆரப்பாளையத்துல நின்னேன். கல்யாணத்துக்குப் போறியா தாயின்னு ஒருத்தரு கேட்டாரு. என்ன சொல்றதுன்னு தெரியல” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மார்க்கெட் வாசலில் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஈரத்தில் அவளுடைய செருப்பு வழுக்கியது. விழாமல் இருக்க முனீஸ்வரி இடது பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

கார் நின்றது.

மூன்று ஆள் கயிறு போட்டு இழுத்து நிறுத்திய கார், ஒரு கைப்பிடிக்கு நின்றதை வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இருபது பேராவது பார்த்தார்கள். முனீஸ்வரியும் பார்த்தாள். கையை எடுத்தாள், கார் நகர்ந்தது. பிடித்தாள், நின்றது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். கார் தரைக்கு இறங்கும் என்று அழகுபாண்டி இருக்கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இறங்கவில்லை. அதே நான்கு விரற்கடையில் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. திரையில் அதே இரண்டு கோடு.

அது இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது. நிறுத்த வேண்டிய இடம் வந்தால் முனீஸ்வரி இடது கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவாள், கார் நின்றுவிடும். வேறு யார் ஊன்றினாலும் நிற்பதில்லை. மகள் லீவுக்கு வந்தபோது ஊன்றிப் பார்த்து, செருப்பு அறுந்ததுதான் மிச்சம். அதனால் அழகுபாண்டி முனீஸ்வரி இல்லாமல் எங்கும் போவதில்லை, போனால் நிறுத்த வழியில்லை. கடைக்கு, கல்யாணத்துக்கு, கொள்முதலுக்கு, முடிவெட்டப் போனாலும் அவள் கூட வர வேண்டும். அவளுக்கு வேலை இருந்தால் அவன் காத்திருப்பான். பெட்ரோல் செலவு கிடையாது, மாதம் ஒரு ஜோடி செருப்பு ஆகிறது, இருநூற்றைம்பது ரூபாய். டோல்கேட்டில் அந்தக் காரைப் பார்த்து இப்போது யாரும் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை.

போன தை மாதம் திருமங்கலம் போகும்போது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அழகுபாண்டி கேட்டுவிட்டான். அன்றைக்கு, ஐப்பசி ஐந்தாம் தேதி, எதற்காக ஏறினாய் என்று. தான் சொன்ன வார்த்தைக்கா, கார் நின்றதற்கா, ஊர் பார்த்ததற்கா, எதற்கு என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

முனீஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “கால் வலிச்சுச்சு. ஏறுனேன்” என்றாள்.

அவன் அதை மூன்று கிலோமீட்டர் தூரம் யோசித்தான். அதற்குள் கடை வந்துவிட்டது. முனீஸ்வரி கதவைத் திறந்து இடது காலைத் தரையில் ஊன்றினாள்.