முழங்கால் உயரம்

1
இந்தக் கதை நான் குடித்த உப்புத் தண்ணீரிலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "கதிரவன் பொன்னலைகளின் மீது தன்" — அடித்துவிட்டேன். அன்று வெயிலே இல்லை. எனக்கு மூச்சும் இல்லை.

2
நாயகன் என் மனைவியின் தம்பி. எங்கள் மணற்கரையில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள், கிளம்புமுன் கைபேசியில் அவன் போடும் அலை நிலவரத்தைத்தான் பார்ப்பார்கள். [இவனை வில்லனாக்கிப் பார்த்தேன், மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. நல்ல பையன்.] அலை அருமையாக இருக்கும் நாட்களில் மட்டும் சின்னப் பொய்: "முழங்கால் உயரம். வந்து பயனில்லை." கூட்டம் வராது, அலையெல்லாம் அவனுக்கே.

முழங்கால் உயரத்துக்காகவே காத்திருக்கும் கோழை ஒருவன் உண்டென்று அவன் நினைக்கவில்லை. வழுக்கை விழுந்த வயதில் சறுக்குப் பலகை வாங்கி, கட்டிலுக்கடியில் ஒளித்து, யாரும் பார்க்காத நாளுக்காக...

சரி, நான்தான்.

3
அப்படி ஒரு நாள் நான் போனபோது, புயலில் கடலடி மணல்திட்டு இடம் மாறியிருந்தது. அலை தலைக்கு மேல் எழுந்து கரையருகே இடிந்தது. [பார்த்ததும் திரும்பியிருக்கலாமே? முழங்கால் என்று போட்டிருந்ததே! கண்ணைவிட எழுத்தை நம்புவது என் தொழில் வியாதி.] திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் சாதுவாகத் தெரிந்த இடத்தில் இறங்கினேன். அந்தச் சாதுதான் ஆளைக் கடலுக்குள் இழுக்குமாம். மிச்சமிருந்த நாலு முடியைப் பிடித்துக் கரையேற்றியவன் மைத்துனன்.

"அத்தான், நீங்களா? இன்னைக்கிப் போய் யாராவது எறங்குவாங்களா?" என்றவன் முகம் வெளுத்தது. "நிலவரம் பாத்துட்டா வந்தீங்க?"

"சேச்சே, அதெல்லாம் யாரு பாக்குறா. சும்மா காத்து வாங்க வந்தேன்."

"பலகையோடயா?"

"உங்கக்காகிட்ட சொல்லிடாத மாப்ள."

நம்பிவிட்டான். நம்புவது அவனுக்கும் சௌகரியமாக இருந்தது.

4
முடிவு அ: அவன் திருந்துகிறான். (எதற்காக? என்னை இறக்கியது அவன் பொய்தான் என்று அவனுக்குத் தெரியாதே.)

முடிவு ஆ: அவன் மானத்தைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு நான் — இதையும் அடித்துவிட்டேன். காப்பாற்றியது என் மானத்தை. கற்றுக்குட்டி என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

5
இந்த வரியில் கைபேசி மின்னுகிறது. இன்றைய நிலவரம்: "முழங்கால் உயரம். வந்து பயனில்லை." அலை இடிக்கும் சத்தம் என் மேஜைவரை கேட்கிறது. எங்கோ என்னைப் போல் ஒருவன் கட்டிலுக்கடியில் கையை விடுகிறான்.

மைத்துனனை அழைத்துவிட்டேன்.

"சொல்லுங்க அத்தான்."

பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வாசகரே, நீங்கள் எடுத்துக்கொடுங்கள். சீக்கிரம். அவன் லைனில் இருக்கிறான். அந்த ஆள் பலகையைத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான்? கேக்குதா?"