நம் தூரத்தில் இரண்டாவது கிரகம்

சமையலறைக்குள் மருமகள் தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தது பெரியவரின் காதில் விழுந்தது.

"இல்ல சார், இங்க இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்க மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

சார் என்றால், பெரியவர் 'மீசை' என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஆள்தான். கல்யாணத்துக்கு முன் மருமகள் வேலை பார்த்த வானாய்வகத்தின் தலைவர். பெரியவரும் ஒரு வானாய்வகத்தைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். இப்போது அங்கே மகன் இருக்கிறான். பல வருடங்களுக்கு முன்பு பெரியவர் அளந்து வெளியிட்ட ஓர் அளவை மீசை தானே மறுபடியும் அளந்து பார்த்தார். அதே விடைதான் வந்தது. ஆனாலும் நம்பாமல் அளந்தார் அல்லவா? அன்று முறிந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை. அந்த இடத்திலிருந்து பெண் எடுக்கப்போவதாக மகன் சொன்னபோது, பெண்ணிடம் குறை ஒன்றும் கிடைக்காத காரணத்தால்தான் பெரியவர் தலையாட்டினார்.

இப்போது குறை கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

விஷயம் சின்னதல்ல. எங்கோ இருக்கும் ஒரு நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றுகிறது. அது குறுக்கே போகும்போதெல்லாம் நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி மங்கும். ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் நட்சத்திரத்தின் எடையையும் வைத்து, கிரகம் எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்தக் கிரகம், சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கில், நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றியது. அதில் யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் மங்கல்கள் சில மாதங்களில் சில நிமிடம் முந்தின, சில மாதங்களில் சில நிமிடம் பிந்தின. கண்ணில் படாத இன்னொரு கிரகம் அதை இழுக்கிறது என்று மகன் கணக்குப் போட்டான். இந்த ஆட்டம் வருடத்துக்கு ஒரு சுற்றாக வந்ததால், அந்த இரண்டாவது கிரகம், ஏறக்குறைய நாம் சூரியனிலிருந்து இருக்கும் அதே தூரத்தில் இருந்தது.

அன்று மாலை பத்திரிகைக்காரர்கள் முன் மகன் அதை அறிவிக்கவேண்டும். தந்தையும் மகனும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில். குடும்பத்தின் பேர் ஊரெல்லாம் அடிபடும்.

மங்கிய நேரங்களெல்லாம் மீசையின் வானாய்வகத்தில் பதிவானவை. மீசையிடம் சொல்லிவிட்டு மருமகள்தான் கொண்டுவந்தாள். "வர்ற பொண்ணு பெட்டி படுக்கை கொண்டுவருவா, இவ நட்சத்திரத்தையே கொண்டுவந்துட்டா" என்று மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படிப்பட்டவள்தான் சில நாட்களாக, "கொஞ்சம் பொறுக்கலாமே. எங்கேயோ இருக்கற கிரகத்துக்கு நம்ம வருஷமே ஏன் வரணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பொறுத்தால் யாருக்கு லாபம்? மீசை முந்திக்கொள்வார்.

பகல் சாப்பாட்டு மேசையில் பெரியவர் ஆரம்பித்தார்.

"போன்ல யாரும்மா?"

"பழைய ஆபீஸ், மாமா."

"ஆபீஸுக்கு மீசை முளைச்சிருக்கா?"

"சாப்பிடறவங்களை ஏங்க வக்கீல் மாதிரி குடையறீங்க?" என்றாள் பெரியவரின் மனைவி.

"நீ சும்மா இரு. நம்ம வீட்டு விஷயம் உலகத்துக்குத் தெரியறதுக்கு முன்னாடி அந்த ஆளு காதுக்குப் போகுது. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல, மாமா. ஒரு கேள்விதான் கேட்டேன். அவர் சொன்னப்புறம் இவர்கிட்ட தனியா பேசலாம்னு இருந்தேன்."

"இந்த வீட்டுல தனியாங்கறதே கிடையாது. இங்கேயே சொல்லு."

"அங்கேருந்து வந்த நேரமெல்லாம் திருத்தினதா, திருத்தாததான்னு கேட்டேன்."

பெரியவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பூமி ஓர் இடத்தில் நிற்பதில்லை. சூரியனைச் சுற்றுவதால் சில மாதம் அந்த நட்சத்திரத்துக்குச் சற்று அருகிலும், சில மாதம் சற்றுத் தள்ளியும் இருக்கும். அதனால் வெளிச்சம் எட்டு நிமிடம்வரை முந்தியோ பிந்தியோ வந்து சேரும். சூரியனில் நின்று பார்த்தால் என்ன நேரமோ, அந்த நேரமாக மாற்றி எழுதுவது இந்தத் தொழிலில் பாலபாடம். ஒரு முறை திருத்தினால் கணக்கு சரியாகும். திருத்தியதையே மறுபடி திருத்தினால், போன பிசகு எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்து, வருடத்துக்கு ஒரு சுற்று முந்திப் பிந்தி ஆடும்.

"எல்லாத்தையும் நான் திருத்தினேனே" என்றான் மகன்.

"கேட்காம எப்படிடா திருத்துவே?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க? 'அந்த ஆளு சோம்பேறி, திருத்தியிருக்கவே மாட்டான், முதல்லேருந்து திருத்து'ன்னு."

சொன்னது உண்மைதான். ஆனால் பெரியவர் அவ்வளவு எளிதில் மடங்குகிறவர் அல்ல. "திருத்தினதுதான்னு இப்ப அவன் சொன்னா நம்பிடணுமா? நம்ம கூட்டத்தை நிறுத்த இதைவிட நல்ல வழி வேணுமா அவனுக்கு?"

"அவர் சொல்றதை நம்பவே வேண்டாம், மாமா" என்றாள் மருமகள். "போன வாரம் நம்ம தொலைநோக்கியிலயே ஒரு மங்கல் பதிவாச்சே. அதை இன்னும் யாரும் கணக்குல சேர்க்கல. ஒரே ஒரு தடவை திருத்திப் பாருங்க. ரெண்டாவது கிரகம் இருந்தா மங்கல் ஏழு நிமிஷம் பிந்தியிருக்கணும். இல்லன்னா முதல் கிரகத்துக்குக் கணக்குப் போட்ட நேரத்துக்கே வந்திருக்கும்."

தட்டைத் தள்ளிவிட்டு மூவரும் கிளம்பினார்கள். வானாய்வகத்தில் பெரியவர் மகனையும் தொடவிடவில்லை, மருமகளையும் தொடவிடவில்லை. தானே உட்கார்ந்து திருத்தினார்.

மங்கல் கணக்குப் போட்ட நேரத்துக்கே வந்திருந்தது.

"நம்ம கடிகாரம் ஏழு நிமிஷம் பிசகியிருக்கலாமேப்பா" என்றான் மகன் மெதுவாக.

அந்தக் கடிகாரத்தைப் பொருத்தியவர் பெரியவர். பிசகு என்று ஒரு வார்த்தை சொன்னால் மகனின் கிரகம் பிழைத்துவிடும். அவர் கடிகாரத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனையும் அப்படியே பார்த்தார்.

"உன் கிரகத்துக்காக நல்ல கடிகாரத்து மேல பழி போடச் சொல்றியா?"

"அப்ப உடம்பு சரியில்லன்னு சொல்லிக் கூட்டத்தைத் தள்ளி வெச்சுடலாம்."

"பொய் சொல்லி மானத்தைக் காப்பாத்தற குடும்பம் இல்லடா இது. கூட்டம் நடக்கும். இருக்கற கிரகத்தைச் சொல்லு. இல்லாததைப் பத்திக் கேட்டா நான் பதில் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து மருமகளின் போன் அடித்தது. அவள் தயங்குவதைக் கண்டு பெரியவர் கையை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "திருத்தினதுதானா?" என்றார்.

"திருத்தினதுதான்" என்றார் மீசை. "முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"உங்களைக் கேட்கறதாவதுன்னு இருந்துட்டேன். தப்பு என் பேர்லதான்." போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மாலையில் வானாய்வகக் கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மேடைப் படியில் கால் வைத்தவர் சட்டென்று நின்றார்.

"அந்த முதல் கிரகத்தோட தூரம் இருக்கே, அதுக்கு நட்சத்திரத்தோட எடை எங்கேருந்துடா வந்துச்சு?"

மகன் வாயைத் திறப்பதற்குள் அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா?"

"ரெண்டு தடவை பாத்தேன், மாமா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு மேடை ஏறினார்.